உடல் வெப்பமும் சூலகத்தின் திங்கட் சுழற்சியும்

பெண்ணுடலின் திங்கட் சுழற்சி தொடர்பாகத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. பூப்பு, மாதவிலக்கு, தூமை, சூதகம், வீட்டுக்குத் தூரம் என அவை நூல்வழக்கிலும் ஊர்வழக்கிலும் விரிந்து கிடக்கின்றன. இவற்றுட் சில குருதிப்போக்கைச் சுட்டுவன. சில, அந்நாட்களில் வீட்டார் மேற்கொண்ட விலக்கத்தைச் சுட்டுவன. கண்ணுக்குப் புலப்படுவதற்கே மக்கள் முதலில் பெயரிடுவர். ஆதலால், குருதி தோன்றுவதற்கு முன்னும் பின்னும் உடலினுள்ளே நிகழும் மாற்றங்களுக்கு மருத்துவ நூலார் அண்மையில் ஆக்கிக்கொண்ட சொற்கள் உண்டேயன்றி, ஊரார் நாவில் பயிலும் சொல் காண்பது அரிது.

இச் சொற்குறை வெறும் அகராதிச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. கருப்பை நீக்க அறுவை முடிந்து ஒரு பெண் தோட்டத்துக்குத் திரும்பினால், "பையை எடுத்தாயிற்று; இனி எல்லாம் நின்றுவிடும்" என்பர் அக்கம்பக்கத்தார். எடுக்கப்பட்ட பை யாது? கருவைத் தாங்கி வளர்க்கும் உறுப்புக் கருப்பை. கருமுட்டையை விளைவிக்கும் உறுப்புச் சினைப்பை. இரண்டன் பெயரும் 'பை' என்றே முடிகின்றன. பின்னதற்கு அண்டகம், கருவகம், சூலகம் என வேறு பெயர்களும் நூலுக்கு நூல் வழங்குகின்றன. அவற்றுள் சூலகம் என்பதே ஈண்டு ஆளப்படும். 'பை' என்னும் ஈற்றால் விளையும் மயக்கம் அதில் இல்லை.

இம்மயக்கத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. கருப்பையை நீக்கினாலும் சூலகங்களை விட்டுவைத்திருப்பின் திங்கட் சுழற்சி நிற்பதில்லை. குருதி வாராது, கருவும் உண்டாகாது. ஆயினும், அடிவயிற்றிலே பாக்கின் பருமனேயுள்ள அவ்விரு சுரப்பிகளும், அறுவைக்கு முன் எவ்வாறு திங்கள்தோறும் ஏறியும் இறங்கியும் தொழிற்பட்டனவோ, அவ்வாறே தொழிற்பட்டு வரும். முப்பத்தைந்து வயதில் கருப்பை நீக்கப்பெற்ற பெண், அந்த அறுவையினால் மட்டும் அன்றே மாதவிடாய் முற்றிய கிழவி ஆகிவிடுவதில்லை. அச்சுழற்சி உள்ளே நடைபெறுவதை வெளியே காட்டும் எளிய சான்று ஒன்று உண்டு. அதுவே விடியற்காலையில் அளக்கப்படும் உடல் வெப்பம். இதனை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு பலரும் அறியாதது.

குருதியிலிருந்து எண்ணிய நாட்கள்

பழந்தமிழர் இத்துறையில் நாட்கணக்கு அறியாதவர் அல்லர். பூப்புத் தோன்றியபின் பன்னிரு நாள் தலைவன் தலைவியை விட்டுப் பிரிந்துறைதல் ஆகாது என்பது தொல்காப்பியக் கற்பியல் விதி. அது கருத்தோன்றும் காலம் என்று உரை விளக்கும். இந்நூற்பாவை எடுத்துக்காட்டி, முட்டை வெளிப்படும் நாளையே நம் முன்னோர் கண்டிருந்தனர் என மேடையில் முழங்குவோரும் உளர். அது மிகை. நூற்பா சுட்டுவது பன்னிரு நாட் பரப்பு. கருத்தரித்தற்குரிய நாள் பெரும்பாலும் அதனுள் அடங்கும் என்பதே உண்மை. ஈண்டு நோக்கத் தக்கது, அக்கணக்கு பூப்பிலிருந்து தொடங்குகிறது என்பது. யூதர்தம் மறைநூல் விதித்த விலக்கமும் குருதி கண்ட நாளிலிருந்தே எண்ணப்பட்டது. உலகில் பிற மக்களிடமும் இத்தகைய கணக்கே வழங்கிற்று.

1952ஆம் ஆண்டிலும் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டிற்கு நாட்கணக்கு முறை பயன்படுமா என அறிய, உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் இந்திய அரசு ஓர் ஆய்வு தொடங்கியது. அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் அதற்கு வழிகாட்டினார். மைசூர் நாட்டு ராமநகரமும் புதுதில்லி லோதி குடியிருப்பும் ஆய்விடங்களாயின. எண்ணக் கல்லாத பெண்களுக்கு இருவேறு நிற மணிகள் கோத்த மாலைகள் வழங்கப்பட்டன; நாளொன்றுக்கு ஒரு மணி தள்ளவேண்டும், மணியின் நிறம் அந்நாளின் தன்மையைக் காட்டும். முயற்சி கருதிய பயனைத் தரவில்லை. அதனை நகைப்பது எளிது. எழுத்தறியாப் பெண்ணின் கையில் அவளுடைய உடலின் கணக்கைக் கொடுக்க நினைத்த எண்ணம் நகைப்புக்குரியதன்று. எனினும், அம்மாலையின் கணக்கும் குருதி கண்ட நாளில்தான் தொடங்கிற்று. குருதியே காணாத பெண்ணுக்கு அது எதையும் சொல்ல வல்லதன்று.

அறுவையாளர் கற்ற பாடம்

கருப்பை வேறு, சூலகம் வேறு என்பதை உடற்கூற்று நூலார் நெடுங்காலமாக அறிவர். எதன் தொழில் எது என்பதை உணர்த்தியது அறுவை மருத்துவமே. அதுவும் பல பெண்களின் துன்பத்தின் வழியாக. 1809இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இஃப்ரெய்ம் மெக்டவல் என்பார், மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்தில், ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து சூலகத்தில் வளர்ந்திருந்த பெருங்கட்டியை அகற்றினார். அப்பெண் பிழைத்தாள். 1843இல் மான்செஸ்டர் நகரில் சார்ல்ஸ் கிளே வயிற்றின் வழியே கருப்பையை எடுத்தார், நோயாளி இறந்தார். வயிறு திறந்து கருப்பை எடுக்கப்பெற்றுப் பிழைத்த முதற்பெண், 1853இல் வால்டர் பர்ன்ஹம் என்னும் அமெரிக்கரிடம் அறுவை செய்துகொண்டவர்.

மயக்க மருந்தும் நுண்ணுயிர் தடுக்கும் முறையும் பரவியபின் கத்திக்கு அச்சம் நீங்கியது. அச்சம் நீங்கவே அளவும் மீறியது. 1872இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ராபர்ட் பேட்டி, நோயற்ற சூலகங்களையே நீக்கும் அறுவையைப் புகுத்தினார். திங்கள்தோறும் தாங்கொணா வலி, வலிப்பு, மனக்கலக்கம் எனப் பலவற்றிற்கும் அது மருந்தென நம்பப்பட்டது. அதே ஆண்டில் செருமானியர் ஆல்ஃபிரெட் ஹேகரும் இத்தகைய அறுவை செய்தார். அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இளம்பெண்கள் பலர் சூலகம் இழந்தனர். அவர்களுக்குக் குருதிப்போக்கு நின்றது. உடல் முழுதும் வெம்மை பாய்ந்து வியர்த்தது. கருப்பை அங்கேயே இருந்தும் சுருங்கிப்போயிற்று. திங்கட் சுழற்சியைத் தொடங்கி வைப்பது கருப்பையன்று, சூலகமே என்பதற்கு அவ்விளம்பெண்களின் உடல்கள் சான்றாயின. கொடுத்த விலை மிகப் பெரிது.

ஆயினும் சூலகம் கருப்பையை எங்ஙனம் ஏவுகிறது? நரம்பின் வழியாக என்றார் செருமானிய உடலியலார் ஃப்ளூகர். 1896இல் வியன்னாவின் எமில் க்னாவர் முயல்களின் சூலகத்தை அதன் இடத்திலிருந்து அறுத்து வேறிடத்தில் ஒட்டவைத்தார். நரம்புத் தொடர்பு முற்றும் அற்றும் கருப்பை வாடவில்லை. அதே நகரத்து யோசெஃப் ஹால்பன் 1901இல் குரங்குகளில் இதனைச் செய்து, ஒட்டிய சூலகம் இருக்கும்வரை மாதப்போக்கு நிகழ்வதையும், அதனை எடுத்துவிட்டால் நின்றுவிடுவதையும் காட்டினார். ஏவல் செல்வது நரம்பின் வழியன்று, குருதியின் வழி என்பது உறுதியாயிற்று. ஹார்மோன் என்னும் சொல்லே 1905இல்தான் பிறந்தது.

வெப்பமானி கண்ட அலை

உடலின் வெப்பத்தை அளக்க முற்பட்டோருள் முன்னோடி, இத்தாலியின் பதுவா நகரில் ஆசிரியராயிருந்த சான்டோரியோ. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவிக்கு நிலையான அளவுகோல் இல்லை. உடல்வெப்பத்தை மருத்துவத்தின் மொழியாக்கியவர் லைப்சிக் நகரத்து கார்ல் வுண்டர்லிக். ஏறத்தாழ 25,000 நோயாளரிடம் எடுத்த அளவுகளைத் தொகுத்து அவர் 1868இல் வெளியிட்ட நூலே 37 பாகை செல்சியஸ் என்னும் எண்ணை உலகெங்கும் பரப்பிற்று. அந்நாளைய வெப்பமானி ஓரடி நீளம்; அளவு காட்டக் கால் மணி நேரத்திற்கு மேலாகும். இங்கிலாந்தின் கிளிஃபர்ட் ஆல்பட் 1867ஐ ஒட்டி ஆறங்குல நீளமுள்ள கருவியைப் புகுத்தினார். ஐந்து நிமிடத்தில் அது அளவு காட்டிற்று. வீட்டிலும் தோட்டத்து மருத்துவமனையிலும் பிற்காலத்தில் பயன்பட்ட கண்ணாடி வெப்பமானி அதன் வழிவந்தது.

காய்ச்சலைத் தேடிய கருவி, காய்ச்சலில்லாத பெண்களிடம் ஒரு விந்தையைக் கண்டது. 1868இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஸ்குவையர், மாதப்போக்கை ஒட்டி உடல்வெப்பம் மாறுவதைக் குறித்தார். அதனைப் பெரிதாக எடுத்து ஆராய்ந்தவர் மேரி பட்னம் ஜேக்கபி என்னும் பெண் மருத்துவர்.

அவர் வரலாறு சற்று விரித்துரைக்கத் தக்கது. 1873இல் ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் எட்வர்டு கிளார்க் ஒரு நூல் எழுதினார். மாதப்போக்கு நாட்களில் பெண்கள் மூளையை வருத்திப் படித்தால் பெண்மைக்குரிய உறுப்புகள் கெடும் என்பது அந்நூலின் கருத்து. பெண்களுக்கு உயர்கல்வி வேண்டா என்போர்க்கு அது படைக்கலம் ஆயிற்று. பின்னர் ஹார்வர்டின் பாயில்ஸ்டன் பரிசுக்கு, அந்நாட்களில் பெண்களுக்கு உடலோய்வும் உளவோய்வும் தேவையா, எவ்வளவு தேவை என்பதே பொருளாக அறிவிக்கப்பட்டது. கட்டுரையாளர் பெயர் மறைத்து அனுப்பப்படும் அப்போட்டியில் 1876இல் பரிசு பெற்ற கட்டுரை ஜேக்கபியினுடையது. பாரிசு மருத்துவக் கல்லூரியில் 1871இல் பட்டம் பெற்ற அவர், கிளார்க்கைப் போல அச்சத்தை எழுதவில்லை, அளந்து எழுதினார். பல பெண்களிடம் வினாத்தாள் கொடுத்து விடை பெற்றார். நாடித்துடிப்பின் வரைவுகளையும் உடல்வெப்பத்தையும் நாள்தோறும் பதிவு செய்தார். மாதப்போக்கிற்கு முந்திய நாட்களில் வெப்பம் சிறிது உயர்ந்து, போக்கு நிகழ்கையில் தாழ்வதை அவர் குறிப்புகள் காட்டின. குருதிப்போக்கு என்பது திடீரென வரும் நோயன்று, திங்கள் முழுதும் நடைபெறும் நீண்டதோர் ஒழுங்கின் ஓர் உறுப்பே என்று அவர் முடிவு கண்டார். இயல்பான உடல்நலம் உள்ள பெண்ணுக்குக் கட்டாய ஓய்வு வேண்டுவதில்லை என்பது அவர் விடை. (கிளார்க்கின் நூல் வெளிவந்த அதே ஆண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலே தமிழ்ப் பெண்கள் மூட்டை சுமந்து உழைத்தனர். அவர்களுக்கு ஓய்வு தேவையா என வினவி எந்தப் பல்கலைக்கழகமும் பரிசு அறிவிக்கவில்லை.)

1878இல் ஜான் குட்மன் என்னும் அமெரிக்கரும் இக்கருத்தை வளர்த்தார். அலை உண்டு என்பது தெளிந்தது. அதனை எழுப்புவது எது என்பது தெளியவில்லை. அதனை இணைத்துக் காட்டியவர் ஒல்லாந்து நாட்டு ஹார்லெம் நகரில் பணிசெய்த தியோடோர் வான் டெ வெல்டே. திங்களின் முற்பாதியில் வெப்பம் தாழ்ந்தும், இடையில் ஒரு படியேறி, பிற்பாதியில் உயர்ந்தும் நின்று, போக்குத் தொடங்கும்போது இறங்கும் இருநிலை வரைவை அவர் 1904இல் வெளியிட்டார். இவ்வேற்றத்திற்கும் சூலகத்தின் தொழிலுக்கும் தொடர்பு உண்டு என்றார்.

இதற்குச் சற்று முன்னரே செருமனியின் பிரெஸ்லாவ் நகரில் ஒரு விடை உருவாகியிருந்தது. முட்டை வெளிப்பட்டபின் சூலகத்தில் எஞ்சும் கூடு மஞ்சள் நிறம் கொள்கிறது. அதுவே ஓர் உட்சுரப்பியாக இருக்கலாம் எனக் கருதியவர் குஸ்தாவ் போர்ன். பின்னாளில் அணுவியலில் பெரும்பெயர் பெற்ற மாக்ஸ் போர்ன் அவர் மகனாவார். தந்தை 1900இல் இறந்தார். அவர் கருத்தை மாணவர் லூத்விக் ஃப்ரேங்கல் 1903இல் முயல்களைக் கொண்டு மெய்ப்பித்தார். அம்மஞ்சட் கூட்டின் சுரப்பை அமெரிக்காவின் கார்னரும் ஆலனும் 1929இல் சாறாக வடித்தனர். 1934இல் பல ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே அதனைத் தூய படிகமாகப் பெற்றன. மறு ஆண்டில் புரொஜெஸ்டிரோன் என்று பெயர் சூட்டப்பட்டது. உடலின் வெப்பத்தைச் சிறிதளவு உயர்த்துவது இப்பொருளே. மூளையினடியில் வெப்பத்தை ஆளும் பகுதியில் அது வினைசெய்கிறது.

சப்பான் நாட்டு நிகாதா நகர மருத்துவர் கியூசாகு ஒகினோவின் பணியையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். வேறு காரணங்களுக்காக வயிறு திறக்கப்பட்ட பெண்களின் சூலகங்களைக் கண்ணாரக் கண்டு, மஞ்சட் கூட்டின் பருவத்தைக் குறித்து, அப்பெண்களின் மாதப்போக்கு நாட்களோடு அவர் ஒப்பிட்டார். முட்டை வெளிப்படுவது அடுத்துவரும் போக்கிற்கு 12 முதல் 16 நாள் முன்பு என 1924இல் எழுதினார். முன்னோர் சென்ற போக்கிலிருந்து முன்னோக்கி எண்ணினர்; ஒகினோ வரும் போக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினார். வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் திங்கட்கு ஏறக்குறைய மாறாதிருப்பது பிற்பாதியின் நீளமே என்பது இதனால்தான் விளங்கிற்று. வெப்பவரைவின் உயர்நிலையும் அப்பிற்பாதியையே காட்டுகிறது. 1935இல் வில்ஹெல்ம் ஹில்லெப்ரான்ட் என்னும் கத்தோலிக்கக் குரு இவ்வளவையைக் குடும்ப வாழ்வின் பயன்பாட்டிற்குக் கொணர்ந்தார். 1940களில் குழந்தைப்பேறின்மைக்கு மருத்துவம் செய்வோரும் இதனைக் கைக்கொண்டனர்.

கருப்பை நீங்கியபின்

சூலகத்தை எடுத்தால் கருப்பை வாடும் என்பது அறியப்பட்டது. கருப்பையை எடுத்தால் சூலகம் என்னாகும்? இவ்வினாவிற்கு விலங்குகள் ஒருபடித்தாக விடை தரவில்லை. 1923இல் லியோ லோப் கினிப்பன்றிகளில் கருப்பையை நீக்கியபோது, சூலகத்து மஞ்சட் கூடு உரிய காலத்தில் அழியாமல் நீடித்து நின்றது, சுழற்சியே தடைப்பட்டது. பசுவிலும் ஆட்டிலும் அவ்வாறே. அவ்விலங்குகளில் கருப்பையே ஒரு பொருளைச் சுரந்து மஞ்சட் கூட்டின் வாழ்நாளை முடிக்கிறது என்பதும், அப்பொருள் புரோஸ்டாகிளாண்டின் வகையினது என்பதும் 1970களின் தொடக்கத்தில் தெளிந்தன. ஆகவே 'கருப்பை வெறும் பையே, அதற்கும் சுழற்சிக்கும் தொடர்பில்லை' என்னும் கூற்று எல்லா உயிர்க்கும் பொருந்தாது. குரங்குக்கும் மாந்தர்க்கும் பொருந்தும். நம் இனத்தில் மஞ்சட் கூடு கருப்பையின் கட்டளைக்குக் காத்திராமல் தன் காலத்தில் தானே மடிகிறது. அதனால் கருப்பை இல்லாத பெண்ணிடமும் அடுத்த முட்டை முதிர்கிறது. வெப்பம் மீண்டும் படியேறுகிறது. அத்தகைய பெண்களிடம் எடுத்த வெப்பக் குறிப்புகளும், சிறுநீரிலும் குருதியிலும் அளந்த ஹார்மோன் அளவுகளும் இதனையே உறுதி செய்தன.

1981இல் பெக்ஸ்ட்ரோம், பாயில், பெயர்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு தனியே குறிக்கத் தக்கது. கருப்பை நீக்கப்பட்டுச் சூலகம் எஞ்சிய பெண்களிடம், மாதப்போக்கிற்கு முன் தோன்றுவனவாகக் கூறப்படும் மனத்தளர்ச்சி, மார்பு வலி, உடல் உப்புசம் ஆகியவை திங்கள்தோறும் வந்து போவதை அவர்கள் கண்டனர். குருதி என்னும் குறி இல்லாமையால் அப்பெண்களுக்குத் தம் துன்பம் எப்பொழுது வரும், ஏன் வரும் என்பது விளங்குவதில்லை. "கருப்பையே இல்லாதவளுக்கு இது என்ன வேடம்?" எனக் கணவரும் மாமியாரும் வினவும் வீடுகள் எத்துணையோ உண்டு. அறுவைக்குப் பின் பெண் 'பித்துப் பிடித்தவள்போல்' ஆகிவிடுகிறாள் என்னும் தோட்டப்புறப் பேச்சில், அறியப்படாத இச்சுழற்சிக்கும் ஒரு பங்கு இருத்தல் கூடும்.

கேமரன் மலையில் வாழ்வோர்க்கு வெப்பமானியின் மொழி புதிதன்று. 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைநிலத்தை அளந்து சென்றபின் நாற்பதாண்டுக் காலம் அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவிற்குச் சாலை 1931இல் நிறைவெய்தியது. தேயிலை ஆலையில், அரைபட்ட கொழுந்து புளிக்கும்போது அதன் வெப்பம் ஏறும். ஓர் உச்சத்தை அடைந்து இறங்கத் தலைப்படும். அவ்வேற்றத்தை வெப்பமானியால் பார்த்துத்தான் உலர்த்தும் பொறிக்கு அனுப்பும் வேளையைத் தேர்ந்தோர் அறிவர். இலையைக் கண்ணால் மட்டும் பார்த்து அறியவொண்ணாத உள்மாற்றத்தை வெப்பம் அறிவிக்கிறது. பெண்ணுடலில் நிகழ்வதும் அத்தகையதே. ஆனால் ஏற்றம் மிகச் சிறிது, அரைப் பாகை செல்சியசுக்கும் உட்பட்டது.

அவ்வளவு சிறிய ஏற்றத்தைப் பிடிக்க வேண்டுமாயின் அளக்கும் முறையில் கண்டிப்பு வேண்டும். விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுமுன், தேநீர் அருந்துமுன் அளத்தல் வேண்டும். நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், வாயிலோ வேறிடத்திலோ ஒரே இடத்தில் அளத்தல் வேண்டும். பாகையைப் பத்தாகப் பகுத்துக் காட்டும் கருவி தேவை. மலைக்குளிர் உடலின் உள்வெப்பத்தைக் குறைப்பதில்லை. ஆனால் வாய்திறந்து குளிர்காற்றை உட்கொண்டபின் வாயில் அளந்தால் எண் பிழைபடும். பெரட்டு மணிக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி ஓடிய அக்காலத்துத் தாய்க்கு அமைதியான ஐந்து நிமிடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. இன்றைய மின்னியல் வெப்பமானி அந்நேரத்தை ஒரு நிமிடத்திற்கும் குறைத்துவிட்டது.

சான்றாக, ஒரு பெண்ணுக்குப் பல நாள் காலையில் 36.3, 36.4, 36.3 என வந்து, பின்பு 36.6, 36.7, 36.7 என உயர்ந்து நிலைப்பதாகக் கொள்வோம். முந்திய ஆறு நாள் அளவுகளைக் காட்டிலும் தொடர்ந்து மூன்று நாள் குறைந்தது 0.2 பாகை உயர்ந்திருப்பின், முட்டை வெளிப்பட்டுவிட்டது என்று கொள்வது வழக்கம். உயர்நிலை ஏறத்தாழ இரண்டு கிழமை நின்று பின் இறங்கும். கருப்பை உள்ள பெண்ணுக்கு அவ்விறக்கத்தை ஒட்டிக் குருதி தோன்றும். கருப்பை நீங்கியவளுக்கு இறக்கம் மட்டுமே உண்டு. அந்நாளையே புதிய சுழற்சியின் முதல் நாளாகக் குறித்துக்கொள்ளலாம். தலைவலி, மார்பு நோவு, மனச்சோர்வு வரும் நாட்களையும் அதே தாளில் குறித்து வந்தால், அவை உயர்நிலையின் இறுதி நாட்களில் வருகின்றனவா என்பது இரண்டு மூன்று திங்களில் புலனாகும்.

இவ்வளவையின் குறைகளையும் மறைத்தல் கூடாது. காய்ச்சல், உறக்கக் குறைவு, மது, இரவுவேலை ஆகிய யாவும் வரைவைக் குலைக்கும். முட்டை வெளிப்பட்டும் ஏற்றம் தெளிவாகத் தோன்றாத பெண்கள் சிலர் உளர். ஏற்றம் நிகழ்ந்ததைச் சொல்லுமேயன்றி நிகழப்போவதை வெப்பம் முன்னுரைப்பதில்லை. அறுவை முடிந்த முதற் கிழமைகளில் எடுக்கும் அளவுகளை நம்பலாகாது. அப்போது ஏறும் வெப்பம் புண்ணில் சீழ் பற்றியதன் அறிகுறியாகவும் இருக்கலாம், அதற்கு மருத்துவரே வேண்டும். சூலகம் ஓய்ந்துவிட்டதா என்று துணியக் குருதிச் சோதனைகள் இக்காலத்தில் உள. வரைபடம் அச்சோதனைக்கு ஈடாகாது. ஆயினும் அது பெண் தன் கையாலேயே எழுதும் சான்று. மருத்துவர்முன் வைத்துப் பேசத்தக்கது.

விட்டுவைத்த சூலகமும் எடுத்துவிட்ட சூலகமும்

இவ்வரலாற்றைத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அறிதல் வேண்டும் என்பதற்குக் காரணம், மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் வெளிப்பட்ட செய்தி. அங்கிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் புலம்பெயரும் பெண்கள் ஏறத்தாழ 82,000 பேரிடம் அரசு கணக்கெடுத்தது. அவர்களுள் 13,800 பேருக்கு மேற்பட்டோர் கருப்பை நீக்க அறுவைக்கு உட்பட்டிருந்தனர். ஒருநாள் வேலைக்கு வாராவிடில் ஒப்பந்தக்காரர் தண்டம் விதிப்பர். மாதப்போக்கின் வலியும் வெள்ளைப்படுதலும் ஒருநாள் கூலியை மட்டுமன்றித் தண்டத்தையும் விளைத்தன. மருந்தால் தீரக்கூடிய நோய்க்கும் தனியார் மருத்துவமனைகள் கத்தியையே காட்டின என்பது அங்கெழுந்த குற்றச்சாட்டு. இந்தியா முழுவதும் 2015-16இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.2 விழுக்காட்டினர் இவ்வறுவை செய்துகொண்டவர்கள். அதனோடு ஒப்பிட்டால் பீட் மாவட்டத்துக் கரும்புத் தொழிலாளப் பெண்களின் நிலை எத்தகையது என்பது தெரியும். 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் செயற்படுத்த ஆணையிட்டது.

கருப்பை நீக்கம் உயிர்காக்கும் அறுவையாகும் நோய்கள் உண்டு என்பதை மறுப்பார் இலர். புற்றுநோயும், மருந்துக்கு அடங்காக் குருதிப்பெருக்கும் அத்தகையன. வினா அறுவை வேண்டுமா என்பதோடு முடிவதில்லை. சூலகம் எஞ்சுகிறதா என்பதும் வினவத்தக்கது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஃபார்குவார் குழுவினர் ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், சூலகத்தை விட்டுவைத்துக் கருப்பை நீக்கப்பெற்ற பெண்கள், மற்றவரினும் ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு முந்தியே மாதவிடாய் முற்றும் நிலையை அடைந்தனர். ஆகவே எஞ்சிய சூலகமும் முழுநாள் வாழும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் சில ஆண்டு முந்துவது வேறு, ஒரே நாளில் நின்றுபோவது வேறு. அமெரிக்கச் செவிலியர் 29,380 பேரை 24 ஆண்டு தொடர்ந்து நோக்கி 2009இல் வெளியான ஆய்வு, கருப்பையோடு இரு சூலகமும் நீக்கப்பெற்றோர்க்குச் சூலகப் புற்றும் மார்புப் புற்றும் குறைந்தன என்றும், நெஞ்சடைப்பு நோயும் மொத்த இறப்பும் மிகுந்தன என்றும் காட்டிற்று. குடிவழியாகச் சூலகப் புற்று வரும் இடர் உடையோர்க்கு நீக்குவதே நன்மையாகலாம். மற்றையோர்க்கு அது எளிதாகக் கொடுத்துவிடும் பொருளன்று.

மருத்துவமனை தரும் தாளைப் படித்துச் சொல்லுமாறு தோட்டத்து மக்கள் ஆசிரியரை நாடி வருவது இன்றும் வழக்கில் உள்ளது. அத்தாளில் மூன்று ஆங்கில எழுத்துகளைக் காணலாம்: டி.ஏ.எச். வயிற்றின் வழியே கருப்பை முழுதும் எடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். அதனை அடுத்து பி.எஸ்.ஓ. என்னும் வேறு மூன்று எழுத்துகள் இருந்தால், இரு பக்கத்துக் கருக்குழாய்களும் இரு சூலகங்களும் நீக்கப்பட்டன; அப்பெண்ணுக்கு வெப்பவரைவில் திங்கட் படியேற்றம் இராது. வெம்மைப் பாய்ச்சலுக்கும் எலும்புத் தேய்வுக்கும் மருத்துவம் வேண்டுமா என உடனே கேட்டல் வேண்டும். பி.எஸ். என்று மட்டும் இருந்து ஓ என்னும் எழுத்து இல்லையாயின், கருக்குழாய்கள் மட்டுமே நீங்கின; சூலகங்கள் உள்ளன. ஒரு பக்கத்துச் சூலகம் மட்டும் நீக்கப்படின் முதலெழுத்துப் பி-க்கு மாறாக வலத்தை அல்லது இடத்தைக் குறிக்கும் எழுத்து நிற்கும். எஞ்சிய ஒன்றே சுழற்சியைப் பெரும்பாலும் நடத்திச் செல்லும். தாளில் தெளிவில்லையேல், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுதல் நோயாளியின் உரிமை.